வடை சுட்ட எண்ணெயில் ஓடிய ஆயில் இன்ஜின்

டீசல் ஏன் எரிகிறது, சமையல் எண்ணெய் ஏன் எரிகிறது, இரண்டும் ஒன்றா என்று போன வாரம் நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து உங்கள் அம்மா சிரித்தாள். அவள் ஏன் சிரித்தாள் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். இதில் உள்ள விஞ்ஞானம் பாதி அடிபட்டுக் கற்றது, பாதி பிறகு ஒரு கெமிஸ்ட்ரி வாத்தியாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

எழுபதுகள் முடிகிற சமயம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடும் கூடத்தில் எனக்கு வேலை. உங்கள் அம்மாவின் அண்ணன், அதாவது உங்கள் மாமா, படவேடு போகும் வழியில் இரண்டு ஏக்கரில் நெல் வைத்திருந்தார். கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதை மேலே தூக்க இன்ஜின் இருந்தது. டீசல்தான் இல்லை. ஆரணியில் கேட்டாலும் போளூரில் கேட்டாலும் பெட்ரோல் பங்கில் 'ஸ்டாக் இல்லை' என்று பலகை தொங்கியது.

நெல் பால் பிடிக்கிற நேரம் அது. "இன்னும் நாலு நாளுல தண்ணி பாயலன்னா அத்தினியும் பதருதான் மாப்ள" என்றார் மாமா.

மாடு கட்டி இறைக்கலாமே என்றேன்.

"மாட்ட வித்துதான் இன்ஜினு வாங்கினேன்."

அந்த வகை இன்ஜினுக்கு எங்கள் பக்கத்தில் ஆயில் இன்ஜின் என்று பெயர். எல்லாத் தப்பும் அந்தப் பெயரிலிருந்துதான் ஆரம்பித்தது.

"ஏன் மச்சான், பேரே ஆயில் இன்ஜினு. ஊட்ல ரெண்டு டின்னு மல்லாட்ட ஆயில் கீது. ஊத்திப் பாக்கலாமா?" என்று கேட்டேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. அவர் நிலத்தில் விளைந்து, செக்கில் ஆட்டி வந்த எண்ணெய்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு உங்கள் அத்தையிடம் திரும்பி, "மாப்ளைக்கு மோர் குடு. வெயில் ஒத்துக்கல போலகீது" என்றார்.

"மோர் குடுக்கறேன். எண்ணெய் குடுக்க மாட்டேன். அது தீபாவளிக்குப் பலகாரம் சுட வச்சது" என்றாள் அத்தை.

ஆனால் மறுநாள் காலையில் வயலைச் சுற்றி வந்த மாமா, ஒரு நெற்கதிரை நசுக்கிப் பார்த்தார். பால் வரவில்லை. நேராக வீட்டுக்குப் போய் ஒரு டின்னைத் தூக்கி வந்தார்.

டேங்கின் அடியில் கிடந்த கொஞ்சம் டீசலில் இன்ஜினைக் கிளப்பி, மேலே எண்ணெயை ஊற்றினோம். டுப் டுப் என்று திணறியது. பிறகு ஓடியது! பைப்பில் தண்ணீர் வந்தது. மாமா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சைலன்சரிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. அந்தப் புகையில் கல்யாண வீட்டு வடை வாசனை.

கால் மணி நேரத்தில் பக்கத்துக் கொல்லைக்காரம்மா கையில் வாழை இலையோடு வந்துவிட்டாள்.

"இன்னாக்கா விசேஷம்? பொண்ணு பாக்க வராங்களா?"

"விசேஷமும் இல்ல ஒண்ணும் இல்ல. இன்ஜினு ஓடுது" என்றாள் அத்தை.

"இன்ஜினு ஓடுனா வடை வாசனை வருமா? குடுக்க மனசில்லன்னா சொல்லிடு, நான் போறேன்."

அவள் போகவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். இரண்டு நாய்கள் சைலன்சர் எதிரில் உட்கார்ந்து, அது எப்போது வடை போடும் என்று பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரத்தில் இன்ஜின் இருமிவிட்டு நின்றது. அதுவரை அரை ஏக்கர்கூட நனையவில்லை. 'பயிர் தாங்க இன்னும் மூன்று நாள்' என்று மாமா எனக்கு மூன்று விரலைக் காட்டினார். வந்தவர்கள் அதை மூன்று நாள் கழித்து விருந்து என்று புரிந்துகொண்டு போனார்கள்.

ஏன் நின்றது? டீசல் என்பது கார்பன் என்கிற கரியும் ஹைட்ரஜனும் கோத்த சின்னச் சங்கிலி. தண்ணீர் மாதிரி ஓடும். மல்லாட்டை எண்ணெயில் மூன்று நீள வால்களை ஒரு கை சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதனால் கெட்டி. இன்ஜினுக்கு எண்ணெய் பீய்ச்சுகிற நாசிலின் துளை ஊசி முனை அளவு. கெட்டி எண்ணெய் அங்கே சரியாகத் தூவாமல், அரைகுறையாக வெந்து பசையாக ஒட்டிக்கொண்டது. வாத்தியார் பிறகு சொன்னது இது. அன்றைக்கு 'பசை மாதிரி ஒட்டிகினு கீது' என்று மாமா சொன்னது மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது.

பசை என்றால் அது என் தொழில் அல்லவா! பட்டு நூலில் பூச்சி விட்ட பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்தால் பசை கழன்று நூல் பளபளக்கும். தினமும் நான் செய்கிற வேலை. நூலுக்கே சோடா என்றால் இரும்புக்கு இன்னும் வீரியமாக வேண்டும் என்று, கூடத்தில் பருத்திச் சாயத்துக்கு வைத்திருந்த காஸ்டிக் சோடாவை எடுத்துக்கொண்டு போனேன். நீங்கள் யாரும் அதைத் தொடாதீர்கள், தோலை அரித்துவிடும். தண்ணீரில் கரைத்தேன். டின்னில் மிச்சமிருந்த எண்ணெயைச் சூடாக்கி, அதில் ஊற்றி நன்றாகக் கலக்கினேன். டேங்கை நிரப்பி, ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று வந்துவிட்டேன்.

காலையில் மாமா டேங்கில் விரலை விட்டார். விரல் பாதியில் நின்றது. எடுத்துத் தண்ணீரில் கழுவினார். நுரை வந்தது.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"டீசல் இல்லாத ஊர்ல என் இன்ஜினுக்குத் தேச்சுக் குளிக்க சோப்பு பண்ணிக் குடுத்திருக்கீங்க."

நடந்தது அதுதான். சோடாவின் காரம் எண்ணெயின் அந்தக் கையைத் தட்டிவிட, வால்கள் சோடாவைப் பிடித்துக்கொண்டு சோப்பாகிவிட்டன. காரத்தைத் தண்ணீரில் கரைக்காமல் அதற்கென்று உள்ள ஒரு ஸ்பிரிட்டில் கரைத்து, அளவோடு சேர்த்திருந்தால் டீசல் மாதிரியே மெல்லிய எண்ணெய் கிடைத்திருக்கும் என்று வாத்தியார் சொன்னார். நன்றாகச் சிரித்து முடித்த பிறகுதான் சொன்னார்.

போளூரிலிருந்து மெக்கானிக் வந்தார். டேங்கைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "டேங்குல மண்ணு பாத்திருக்கேன், தவளை பாத்திருக்கேன். சோப்பு இப்பதாங்க பாக்கறேன்" என்றார். சுரண்டி எடுத்து, நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்து கொடுத்தார். கிளப்புவதற்கு ஒரு பாட்டில் டீசல் தன் பையிலிருந்து எடுத்து வைத்தார். "எண்ணெய் இப்டி கெட்டியா ஊத்துனா மறுபடியும் பேஜார்தான்" என்றார்.

அப்போதுதான் அத்தை கேட்டாள்: "எண்ணெய் காஞ்சா இளகுமே. காயாத எண்ணெயில நான் வடை போட்டா வேகுமா? நீங்க ரெண்டு ஆம்பளைங்களும் பச்சை எண்ணெய ஊத்திட்டு இன்ஜின திட்டிகினு கீறீங்க."

நாங்கள் மூன்று ஆண்களும் விறகு பொறுக்கக் கிளம்பினோம்.

கிணற்று மேட்டில் அடுப்பு மூட்டி, இரண்டாவது டின் எண்ணெயை வாணலியில் ஊற்றி ஏற்றினோம். அதற்குள் வாழை இலைகள் வந்துவிட்டன. ஊர்க்காரர்கள் விருந்து என்று எண்ணிவைத்த மூன்றாம் நாள் அது. "சும்மா காய்ற எண்ணெயப் பாத்துகினு இருக்கறதுக்கு" என்று அத்தை பருப்பை அரைத்துக்கொண்டு வந்தாள். அவள் வடையைச் சுட்டு இலையில் போட, எண்ணெயைக் கொஞ்சம் ஆறவிட்டு, சூடு குறைவதற்குள் நான் கூடத்திலிருந்து கொண்டுவந்த பட்டுத் துணியில் வடிகட்டி டேங்கில் ஊற்றினேன். டீசலில் கிளம்பிய இன்ஜின் எண்ணெய்க்கு மாறியது. திணறவில்லை. மத்தியானம் முழுக்க ஓடியது. ஊரே வடை தின்றுகொண்டு வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்தது. நாய்களுக்கும் ஆளுக்கு ஒன்று கிடைத்தது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். இரண்டிலும் கரி இருக்கிறது, அதனால்தான் இரண்டும் எரிகின்றன; அந்தக் கரி வந்த வழிதான் வேறு. மல்லாட்டைச் செடி அந்த வருஷம் காற்றிலிருந்து எடுத்த கரியைத்தான் நாங்கள் எரித்துக் காற்றுக்கே திருப்பிக் கொடுத்தோம். அடுத்த விதைப்பு அதை மறுபடி எடுத்துக்கொள்ளும். டீசல் அப்படி இல்லை. கடலில் வாழ்ந்த நுண்ணிய உயிர்கள் பல கோடி வருஷங்களுக்கு முன் பூமிக்கடியில் கொண்டுபோய் வைத்த கரி அது. அதைத் தோண்டி ஒரே மத்தியானத்தில் மேலே விடுகிறோம். அத்தனையையும் திருப்பி எடுக்கச் செடி போதாது. மிச்சம் காற்றிலேயே தங்கி, கம்பளி மாதிரி சூட்டைப் பிடித்துவைக்கிறது. அதற்காக எல்லா இன்ஜினிலும் மல்லாட்டை எண்ணெய் ஊற்றலாமா? "அப்ப நான் எதுல தாளிக்கறது?" என்று அத்தை அன்றைக்கே கேட்டாள். அவள் கேட்டது சரிதான். வடை சுட்டு மிஞ்சியதை ஊற்றலாம் என்பது மட்டும் தெரியும்.

மறுநாளும் சுட்டோம், ஓட்டினோம். இரண்டு ஏக்கரும் நனைந்தது. மாமா ஒரு கதிரை நசுக்கினார். வெள்ளையாகப் பால் அவர் கட்டைவிரலில் வழிந்தது. அதை என் நெற்றியில் பூசிவிட்டு மடையை அடைக்கப் போனார். டேங்கிலிருந்து சுரண்டிய சோப்பை நான் ஆரணிக்குக் கொண்டுவந்து பட்டு வேகவைக்கப் போட்டேன். பசை அருமையாகக் கழன்றது. உங்கள் அம்மா இன்றைக்கும் சிரிப்பது அந்தச் சோப்பை நினைத்துத்தான்.

அதற்கடுத்த தடவை தண்ணீர் பாய்ச்சுவதற்குள் பங்கில் டீசல் வந்துவிட்டது. மாமா டேங்கை நிரப்பி இன்ஜினைக் கிளப்பினார். கருப்பாகப் புகை வந்தது. யாரும் வரவில்லை. நாய்கள் மட்டும் வந்து, ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.