பூட்டில் காய்ந்த சந்தனம்

அண்ணனின் மடக்குக் கத்தியைத் திறந்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் அவன் வேலையைத் தொடங்குவான். மரப்பிடி, விரல் நீளத்தில் ஓர் அலகு, பிடிக்குள் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் ஒரு பித்தளைத் தகடு. அலகு முழுதாக விரிந்ததும் தகடு தானாக நகர்ந்து அதன் அடியில் போய் முட்டுக்கொடுத்து நிற்கும். அதுதான் பூட்டு. தகட்டை விரலால் ஒதுக்கினால்தான் கத்தி மறுபடி மடங்கும். பர்மா பஜாரில் அரை நாள் பேரம் பேசி வாங்கி வந்திருந்தான். “பாரின் சரக்கு பாப்பா. நம்மூரு கத்தி மாதிரி கைய கவ்வாது,” என்று என் முகத்துக்கு நேரே திறந்து திறந்து மூடிக் காட்டினான். எனக்கு அப்போது பதினைந்து வயது. பத்தாம் வகுப்பு.

அண்ணன் இடக்கைக்காரன். அந்தப் பூட்டு வலக்கைக்காரர்களை நினைத்துச் செய்தது. வலக்கையில் பிடித்தால் கட்டைவிரல் தகட்டின் பக்கம் இருக்கும். மூட வேண்டிய நேரத்தில் மட்டும் அதைத் தள்ளலாம். இடக்கையில் பிடித்தால் கட்டைவிரல் எதிர்ப் பக்கம் போய்விடுகிறது. ஆள்காட்டி விரலின் சதை நேராகத் தகட்டின் மேல் வந்து உட்காருகிறது. அழுத்திப் பிடிக்கப் பிடிக்க அந்தச் சதையே தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கும். வாங்கி வந்த இரண்டாம் நாளே அண்ணன் இதைக் கண்டுபிடித்துவிட்டான். அதற்காக ஆள்காட்டி விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற மூன்று விரல்களால் பிடிக்கப் பழகினான். திறந்ததும் சத்தத்தைக் கேட்பான். பிறகு அலகின் முதுகைத் தொடையில் இரண்டு தட்டு தட்டுவான். மடங்கவில்லை என்றால் வேலையைத் தொடங்குவான். அவன் விளையாட்டுக்காரன்தான், கத்தி விஷயத்தில் மட்டும் அப்படி இல்லை.

எங்கள் வீடு நூம்பலில் இருந்தது. அப்பா பிறர் வயலில் கூலி வேலை செய்தவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகத் தொழிற்கூடத்துக்குப் போனவன் அண்ணன்தான். திருமழிசை எஸ்டேட்டில் சுவிட்ச் போர்டு பெட்டிகள் செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் வயரிங் வேலை. தடித்த கேபிள்களின் மேல்தோலைச் சீவி எடுக்க வேண்டும். ஒரு வருடம் முடிந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். காக்கிச் சட்டையை மடித்துத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்குவான், மடிப்புக் கலையக் கூடாது என்று. “பீச்சாங்கைக்காரனுக்கு கரண்டு வேலையா?” என்று சித்தப்பா கேலி பேசும்போதெல்லாம், “கரண்டுக்கு இன்னா தெரியும் சித்தப்பா, எது சோத்தாங்கை எது பீச்சாங்கைன்னு?” என்பான். வீடே சிரிக்கும்.

அந்த வருட ஆயுத பூஜைக்கு அவன் தன் கருவிகளை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். சாமி படத்துக்கு முன்னால் அப்பாவின் அரிவாள், அம்மாவின் அரிவாள்மணை, என் கணக்குப் புத்தகம், அவற்றுக்கு நடுவில் அண்ணனின் ஸ்க்ரூ டிரைவர்கள், கட்டிங் பிளேயர், கத்தி. பொட்டு வைப்பது எப்போதும் என் வேலை. கத்தியை விரித்துத்தான் வைக்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். அலகில் சந்தனம் வைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கி வழுக்கி இறங்கியது. அலகும் பிடியும் சேருகிற இடத்தில், அந்தப் பித்தளைத் தகடு இருந்த இடுக்கில், நன்றாக ஒட்டியது. எனவே அங்கே தாராளமாக அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தேன். மற்றவற்றைவிட அண்ணன் கத்தி அழகாகத் தெரிய வேண்டும் என்று ஆசை. அவனும் பார்த்துவிட்டு, “ஷோக்கா கீது பாப்பா,” என்றான்.

மறுநாள் விஜயதசமி, அண்ணனுக்கு விடுமுறை. அதற்கு அடுத்த நாள் காலையில் அண்ணன் கத்தியை எடுத்துத் துணியால் துடைக்கப் போனான். அம்மா அடுப்படியிலிருந்து கத்தினாள்: “டேய், பூஜ போட்டத தொடைக்காதடா! மொத வேல ஆவட்டும்.” அண்ணன் அப்படியே மடக்கிப் பையில் போட்டுக்கொண்டான். எங்கள் தெருவில் யாரும் அந்தப் பொட்டைத் துடைக்க மாட்டார்கள். வாரக்கணக்கில் சைக்கிள்களின் முன்விளக்கில் சந்தனம் காய்ந்து கிடக்கும்.

மதியம் பள்ளியிலிருந்து என்னை அழைத்துப் போக அப்பா வந்தார். அப்பா பள்ளிக்கு வந்ததே இல்லை. வாசலில் அவரைக் கண்டதுமே பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். வீட்டில் அண்ணனோடு வேலை செய்பவர் ஒருவர் சட்டையெல்லாம் ரத்தமாக நின்றுகொண்டிருந்தார். “இஸ்த்து சீவிகினு இருந்தாரும்மா அண்ணாத்தே. மிஷினு சத்தத்துல டக்குனு வந்துச்சா வரலியான்னு கேக்கல, எப்பவும் போல ரெண்டு தட்டு தட்டிதான் பாத்தாரு. நானே பாத்தேன். கொஞ்சம் முறுக்கினாரு, அவ்ளோதான், கத்தி மடங்கிக்கிச்சு,” என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நரம்பு அறுந்திருந்தது. ஆஸ்பத்திரியில் தைத்தார்கள். விரல்கள் நின்றன, மடங்கவில்லை. கடைசிவரை மடங்கவே இல்லை.

கூட வேலை செய்பவர் கொண்டுவந்த அண்ணனின் சாப்பாட்டுப் பையில் கத்தி இருந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அதைக் கழுவலாம் என்று கிணற்றடிக்கு எடுத்துப் போனேன். திறந்தேன். சத்தம் வரவில்லை. மறுபடி மூடித் திறந்தேன். வரவில்லை. உள்ளே பார்த்தேன். தகடு போய் உட்கார வேண்டிய இடத்தில் சந்தனம் கல்லாகக் காய்ந்து கிடந்தது. தகட்டின் நுனி அலகின் ஓரத்தை மயிரிழை அளவு தொட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். தட்டினால் நிற்கும், ஒரு முறுக்கு முறுக்கினால் நழுவும். பாவாடையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அந்தச் சந்தனத்தைச் சுரண்டினேன். மஞ்சள் பொடியாக உதிர்ந்து வந்தது. தண்ணீர் விட்டு, துடைத்து, திறந்தேன். டக்.

கத்தியைச் சட்டென்று மடக்கினேன். யாராவது கேட்டிருப்பார்களோ என்று சுற்றிலும் பார்த்தேன். கிணற்றடியில் உதிர்ந்திருந்த பொடியைக் காலால் தேய்த்து அழித்தேன். அப்படிச் செய்ய வேண்டும் என்று யோசித்துச் செய்யவில்லை. கால் தானே செய்தது.

சொல்லியிருக்கலாம். அன்று சாயங்காலமே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் வீட்டில் எல்லோரும் காரணத்தை முடிவு செய்துவிட்டார்கள். “பீச்சாங்கையால செய்யாத செய்யாதன்னு தலப்பாடா அடிச்சுகினேன்,” என்று சித்தப்பா கத்தினார். அம்மா தன் தலையில் அடித்துக்கொண்டு, சின்ன வயதிலேயே சூடு போட்டுத் திருத்தியிருக்க வேண்டும் என்றாள். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன், “ஆமாம்மா, விரல் தகடு மேல பட்டுச்சு போல. என் கைதான்,” என்றான். அவன் அதை ஒப்புக்கொண்டதும் எனக்குள் என்னவோ லேசாயிற்று. அந்த லேசை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

வேலை போயிற்று. பிறகு வெவ்வேறு இடங்களில் வாட்ச்மேனாக இருந்தான். கல்யாண வீடுகளுக்குப் போனால் இடக்கையைத் துண்டுக்கடியில் வைத்துக்கொள்வான். விரல்கள் மடங்காததை மறைக்கிறான் என்றுதான் மற்றவர்கள் நினைத்தார்கள். அவன் அந்தக் கையையே ஒரு குற்றவாளியைப் போல நடத்தினான். டம்ளர் எடுக்க, கதவு திறக்க, சட்டைப் பொத்தான் போட எல்லாவற்றுக்கும் வலக்கைதான். நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணமாகி ஐயப்பன்தாங்கலில் குடியேறினேன். ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜை நெருங்கும்போது வயிற்றுப்போக்கு வரும். யாரிடமும் காரணம் சொன்னதில்லை.

என் மகனும் இடக்கைக்காரனாகப் பிறந்தான். மூன்று வயதில் அவன் கலர் பென்சிலை இடக்கையில் எடுத்ததைப் பார்த்து அண்ணனின் முகம் வெளுத்தது. அதன்பிறகு ஞாயிறு தவறாமல் வருவான். பிள்ளையை மடியில் உட்கார வைத்து, அவன் இடக்கையைக் கைக்குட்டையால் சேர்த்துக் கட்டி, பென்சிலை வலக்கையில் கொடுப்பான். பிள்ளை அழும். அண்ணனும் கண் கலங்கியபடியே, “மாமன் பட்டது போதும் நைனா, நீ படக்கூடாது,” என்பான். நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்குட்டையை ஏன் அவிழ்க்கவில்லை என்று கேட்டால், அவிழ்க்கப் போனால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். எழுதுவது மட்டும் வலக்கையில், மற்றதெல்லாம் இடக்கை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முருங்கைக்கீரைக் கட்டோடு அண்ணன் வந்திருந்த நேரத்தில், கூரியரில் வந்த அட்டைப் பெட்டியைப் பிரிக்க உட்கார்ந்த மகன் தன் பையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தான். அவன் அதை வாங்கியது எனக்குத் தெரியாது. இடக்கையால் திறந்தான். எஃகில் செய்திருந்தாலும் அதே மாதிரி உள்தகடு, அதே பக்கம். அண்ணன் எழுந்தே விட்டான்.

“டேய் டேய்! கீய வைடா அத! பீச்சாங்கைக்கு கத்தி ஆவாது. மாமன் கையப் பாரு!”

“லாக் இருக்கு மாமா.”

“எனுக்கும் இருந்துச்சுடா லாக்கு. சோத்தாங்கைக்கு மாத்து.”

“சோத்தாங்கைல எனக்கு தயிர்கூட ஒழுங்கா ஊத்த வராது மாமா,” என்று மகன் சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. வயதான மனிதரைப் பதற வைக்க வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, மகன் கத்தியை வலக்கைக்கு மாற்றிக்கொண்டான். பழகாத கை. கத்தி அட்டையில் கோணலாக இறங்கியது, சிக்கியது, அவன் பலம் கொடுத்து இழுத்தான். அலகு போகிற வழியில் பெட்டியைப் பிடித்திருந்த அவன் இடக்கை இருந்தது. இன்னும் இரண்டு அங்குலம்.

“நிறுத்து!” என்று நான் கத்திய கத்தலில் மகன் கத்தியைக் கீழே போட்டான். அதே மூச்சில் சொல்லிவிட்டேன். “அண்ணா, உன் கை மேல தப்பில்ல. சந்தனம். நான் வெச்ச சந்தனம்.”

“எந்தச் சந்தனம்?” என்றான் அண்ணன்.

அவனுக்கு நினைவே இல்லை. முப்பத்தைந்து வருடமாக நான் ஒரு நாளும் மறக்காததை அவனுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. பொட்டு வைத்தது, அம்மா துடைக்க விடாதது, கிணற்றடி, ஊக்கு, மஞ்சள் பொடி, அதன்பின் வந்த சத்தம். முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “பஸ்ஸு வந்துரும்,” என்றான். சாப்பிடவில்லை. மகன் பின்னாலேயே தெருமுனை வரை ஓடிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தான்.

அண்ணன் மூன்று நாள் போன் எடுக்கவில்லை. நான்காம் நாள் காலையில் அண்ணி பேசினாள். “இன்னாம்மா சொல்லித் தொலைச்ச அவருகிட்ட? காலைலர்ந்து பீச்சாங்கைல கத்திய வெச்சுகினு கத்திரிக்கா அரிஞ்சுகினு கீறாரு. ரெண்டு வெரலு மடங்கல, கத்தி ஆடுது. வேணான்னா கேக்கல. எனுக்கு பயமா கீது. நீ வா.”

பேருந்தில் நின்றுகொண்டே போனேன். உட்கார இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. இன்னொரு முறை அந்தக் கையில் ரத்தத்தைப் பார்க்கப் போகிறேன் என்றும், இந்த முறையும் காரணம் நான்தான் என்றும் மனம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

அண்ணன் தரையில் உட்கார்ந்திருந்தான். எதிரே பாத்திரத்தில் தண்ணீர். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே கத்தியைப் பிடித்து, விறைத்த இரண்டு விரல்களையும் தூக்கி வைத்துக்கொண்டு, மெதுவாக அரிந்துகொண்டிருந்தான். ஒரு துண்டு தடிமன், ஒரு துண்டு மெல்லிசு. தண்ணீரில் ரத்தம் இல்லை. நான் வாசலிலேயே நின்றேன்.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை.

“என் கை போனா போது பாப்பா,” என்றான். “அந்தக் கொயந்த கையக் கட்டிப் போட்டேனே. பாத்துகினுதானே இருந்தே நீ?”