அம்மாவின் நெற்றிக் கோடுகள்

என் அறைச் சுவரில் பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரியின் படம் தொங்கும். லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் அரிக்கவிட்டு, மை தடவித் தாளில் அழுத்தி எடுத்த அச்சு. சிரிப்பு கிடையாது. வாயைக் கையால் மறைத்தால் அழுது முடித்தவள்போல இருப்பாள். கண்ணை மறைத்தால் யாரையோ திட்டப்போகிறவள். அத்தனையும் வெறும் கோடுகள்தான். அம்மாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. "எழவு வீட்டுல உக்காந்திருக்கறவ மாதிரி... கழட்டி வைடி" என்பாள். நான் கேட்கவில்லை.

போன மாசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்குப் படம் வேண்டுமே என்று மயிலாப்பூரில் ஒரு ஃபிரேம் கடையில் அவள் போட்டோவைக் கொடுத்தேன். வந்த படத்தில் நெற்றி இஸ்திரி போட்டதுபோல வழவழவென்று இருந்தது. ஒட்டவைத்த பட்டுப் புடவை, உதட்டில் ஒரு சிரிப்பு. சொந்தக்காரர்கள் "மகாலட்சுமி மாதிரி இருக்கா" என்றார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு மாலை போட்டேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பதினாறாம் நாள் முடிந்து வீடு காலியானதும் அப்பா சொன்னார்: "இதப் பாத்துப் பாத்து அவ முகமே மறந்துடும்போல இருக்கும்மா. கண்ண மூடினா இந்தப் பொம்மதான் வருது."

மறுநாள் காலை வெள்ளைக்காரியைச் சுவரிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கு ஓடினேன். அம்மாவின் கோடுகள் திரும்ப வேண்டும் என்றேன்.

"கோடு எடுக்கத்தான்க்கா எல்லாரும் வருவாங்க. நீ இன்னா, போடச் சொல்றே?" என்றார் கடைக்காரர்.

"இந்தம்மாவப் பாருங்க. கோடெல்லாம் எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்?"

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அச்சை உற்றுப் பார்த்தார். "மொகம் பூரா கோடுதான் கீது. ஆனா உசிரோட கீறாங்க," என்றவர், குரலைத் தாழ்த்தி, "எப்போ தவறிட்டாங்க?" என்று கேட்டார். செத்தவர்கள் படம் போடுவதே அவர் தொழில். தெரியாது என்றேன்.

நான் முதலில் கொடுத்த போட்டோ அவர் கம்ப்யூட்டரில் அப்படியே இருந்தது. கை வைக்காமல் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தார்.

சாயங்காலம் அப்பா அதை மடியில் வாங்கிக்கொண்டார். வெளுத்த நூல் புடவை, கோணல் வகிடு. நெற்றியைச் சுருக்கி, எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவளாக அம்மா இருந்தாள். அப்பா அந்த நெற்றியை விரலால் தடவினார்.

"சாப்ட்டேன்டி," என்றார். "சாப்ட்டேன்."

காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை.