ஃபிட்டரை வாசலில் நிறுத்திய மச்சான்

பம்பு செய்யும் ஆலையில் அவரை எல்லோரும் ஃபிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் மனைவியும் அப்படித்தான்.

ஒருநாள் நிர்வாகம் தொழிலாளர்களைக் கூட்டிவைத்து, இனி நிரந்தர வேலை கிடையாது, விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டுக் கான்ட்ராக்டரிடம் சேர்ந்துகொள்ளலாம் என்றது. 'விருப்ப' என்றதும் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஃபிட்டரும் சிரித்தார். சாயங்காலம் கையெழுத்தும் போட்டார்.

அதே மெஷின், வேறு நிறச் சட்டை. ஆனால் தினமும் காலையில் கேட்டில் நிற்கவேண்டும், கூப்பிட்டால்தான் வேலை. ஆள் எடுப்பவன் மனைவியின் தம்பி. மேனேஜர் கையைக் காலைப் பிடித்து ஃபிட்டரே அவனை அங்கே சேர்த்துவிட்டிருந்தார். முதலில் மாமாவைத்தான் முதல் ஆளாகக் கூப்பிட்டான். பிறகு நடுவில். பிறகு கூப்பிடவே இல்லை.

"நாளைக்குப் பாக்கலாம் மாமா."

"இதையே எத்தனை தடவைடா சொல்லுவ? நேரா சொல்லு."

அவன் தரையைப் பார்த்தான். "வயசானவங்க வேணாம்னு மேலேருந்து சொல்லிட்டாங்க. என் பொழப்பே இழுபறியாத்தான் இருக்கு." குரலைத் தாழ்த்தினான். "பேக்கிங்குக்கு லேடீஸ் எடுக்கறாங்க. கூலி கம்மிதான். அக்காவ அனுப்புறீங்களா?"

ஓங்கி ஒன்று விடலாம் என்று தோன்றியது. கை எழவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "போறேன். ரெண்டு பேரும் மோட்டுவளையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா உலை கொதிக்குமா?"

அவள் போனாள். அவர் சமைத்தார். அடிபிடித்த சோற்றைக் கிளறி, "அடுப்பையும் ஃபுல் ஸ்பீடுல ஓட்டியிருக்காரு நம்ம ஃபிட்டர்" என்று கொஞ்ச நாள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. நாள் முழுக்க நின்ற கால் வீங்க, சாப்பிடாமலேயே படுத்துவிடுவாள். காலைப் பிடித்துவிடப் போனால், "விடுங்க, தூங்கணும்" என்பாள்.

ஒருநாள் மத்தியானமே வந்துவிட்டாள்.

"பேக்கிங்குக்கும் மெஷின் வந்துடுச்சு. எங்க லைனையே அனுப்பிட்டாங்க."

"உன் தம்பி என்ன சொன்னான்?"

"அவன்தான் வந்து சொன்னான். எம் மூஞ்சியப் பாக்கல."

அவருக்குக் கோபம்கூட வரவில்லை. தட்டில் சோறு போட்டு வைத்தார். அவள் சாப்பிடாமல் பிசைந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை, கிடைக்காது என்று தெரிந்தும், சட்டையை மாட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். மச்சான் தூரத்திலிருந்தே தலையை ஆட்டினான். வேண்டிய ஆட்களை எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்தினார்கள். மிச்சப்பட்டவர்கள் வெளியே நின்றார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று யாரும் முதலில் சொல்லவில்லை.