ஏழு மாலைகளும் ஒரு கண்டிஷன் ரிப்போர்ட்டும்

நியூ ஜெர்சியில் ஓர் அருங்காட்சியகத்தில் முப்பத்தோராண்டுகள் ரிஜிஸ்ட்ராராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். நான் அமெரிக்காவில் திருமணங்களைப் பதிவு செய்வதாகக் காரைக்கால் உறவினர்கள் இன்றும் நம்புகிறார்கள். உண்மையில், இரவலாக வரும் ஓவியங்களைப் பெற்று, அவற்றின் நிலையை எழுதி, வந்தபடியே திருப்பி அனுப்புவதுதான் என் வேலை. அந்த எழுத்துக்குப் பெயர் கண்டிஷன் ரிப்போர்ட். என்னுடைய ரிப்போர்ட் ஒன்றுகூடப் பிறரால் திருத்தப்பட்டதில்லை. ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்தபோது ஒன்றைத் திருத்தச் சொன்னார்கள்.

1. டார்ச் காட்டியது

பிரான்சிலிருந்து, அந்நாட்டு அரசின் ஆதரவோடு, நாற்பது ஓவியங்கள் வந்திருந்தன. அனைத்தும் ஒரு காலத்தில் பாரிசில் அரசு நடத்திய கண்காட்சிகளுக்காகத் தீட்டப்பட்டவை. கடல் கடந்த தன் ஆட்சி அங்குள்ளவர்களுக்கு மகிழ்ச்சியளிக்கிறது என்று சொந்தக் குடிமக்களை நம்பவைக்க அந்த அரசுக்கு ஓவியர்கள் தேவைப்பட்டார்கள். இப்போது அதே படங்கள் நட்புறவின் அடையாளமாக ஊர் ஊராகச் செல்கின்றன.

பெட்டிகளை ஒரு நாள் முழுவதும் அறையின் வெப்பத்துக்குப் பழகவிட்டு, மறுநாள் திறந்தோம். பதினேழாவது படத்தில் சோழமண்டலக் கரையின் ஒரு துறைமுகம். நாற்காலியில் வெள்ளைக்கார ஆளுநர். எதிரே ஏழு தமிழர்கள், மேல்துண்டு இடுப்பில், கைகளில் பூமாலை. சட்டத்தின் பின்புறம் பழைய கண்காட்சிச் சீட்டு. அதில் தலைப்பு: ‘நன்றியுள்ள மக்கள்’.

எனக்கு அந்தக் கைகள் உறுத்தின. மாலை போட வருபவர் அதை இரு கைகளிலும் விரித்துப் பிடிப்பார். எதிரில் இருப்பவரின் தலை நுழைய வேண்டுமல்லவா? இந்த ஏழு பேரும் கைகளை நெஞ்சருகே சேர்த்து, எதையோ நீட்டுவதுபோல் நின்றார்கள். மாலை அவர்கள் விரல்களில் தொங்கவில்லை, ஒட்டியிருந்தது.

உறுத்தல் ரிப்போர்ட்டில் எழுதக்கூடியதன்று. டார்ச்சைப் படத்துக்குப் பக்கவாட்டில் பிடித்தேன். அவ்வாறு பிடித்தால் வண்ணத்தின் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். எழுதினேன்: “ஏழு ஜோடிக் கைகளிலும் மாலைகளுக்கு அடியில் நாற்கோண விளிம்பு. மாலைகள் பின்னர் தீட்டப்பட்ட படலமாகத் தோன்றுகின்றன.”

படங்களோடு பிரான்சிலிருந்து உடன் வந்த பெண் அதிகாரியும் அந்தத் தாளில் கையெழுத்திட வேண்டும். எங்கள் தொழிலில் அவரைக் கூரியர் என்போம். அவர் பேனாவை மூடிவிட்டார். எங்கள் பேச்சு பிரெஞ்சில் நடந்தது.

“மடாம், இந்தப் படம் எத்தனையோ ஊர் போய் வந்திருக்கு. யாருக்கும் தெரியாதது உங்களுக்கு மட்டும் தெரியுதா?”

“எனக்கில்ல, டார்ச்சுக்குத் தெரியுது. இந்தாங்க, நீங்களே பிடிச்சுப் பாருங்க.”

அவர் பிடிக்கவில்லை. இரண்டு கையெழுத்தும் இல்லாமல் படம் சுவரேறாது. திறப்பு விழாவுக்கு ஐந்து நாட்களே இருந்தன. அருங்காட்சியக இயக்குநர் என்னை அழைத்து, மரியாதை குறையாமல், அந்த வரி அவசியந்தானா என்று வினவினார். அவசியம் என்றேன். முதுமையில் கண் மங்கிவிட்டது என்று நடைக்கூடத்தில் யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தது. முப்பத்தோராண்டுப் பெயர் அந்த ஒரு வரியில் தொங்கியது.

2. டாக்டரின் கைகள்

அன்று மாலை, படம் இருந்த அறைக்கே டாக்டர் பிரபாகர் வந்தார். வெஸ்ட் வின்ட்சரில் வசிக்கும் கதிரியக்க மருத்துவர். எங்கள் அறங்காவலர் குழுவில் இருந்த ஒரே தமிழர். அலுவலகத்தில் என்னை ஆன்ட்டி என்று அழைத்த ஒரே மனிதரும் அவரே. பலமுறை கண்டித்தும் பயனில்லை.

“ஆன்ட்டி, ஒரே ஒரு லைன். டிலீட் பண்ணிடுங்க. எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்.”

“அந்த லைன்ல என்ன தப்பு, டாக்டர்?”

“தப்புன்னு யாரு சொன்னா? இப்ப தேவையான்னுதான் கேக்கறேன். இன்விடேஷன்ல இந்தப் படம்தான் இருக்கு. பிரெஞ்சு கான்சல் வராரு. நம்ம பசங்க ஏழு பேர் இதே மாதிரி வேட்டி கட்டி அவருக்கு மாலை போடறாங்க. எடிசன் ஊர்ப் பூக்கடைல மாலை ஆர்டர் கூடப் பண்ணியாச்சு.”

“ரொம்ப நல்லது. பசங்க மாலையை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் குடுத்தீங்களா?”

“இதுக்கு ட்ரெய்னிங் வேறயா? இப்படித்தான்.” இரு கைகளையும் விரித்து, என் தலை உயரத்துக்குத் தூக்கினார்.

“அப்படியே நில்லுங்க. இப்ப படத்தைப் பாருங்க.”

பார்த்தார். தூக்கிய கைகள் மெல்ல இறங்கி, அவரறியாமலே நெஞ்சருகே சேர்ந்தன.

“என்ன ஆன்ட்டி இது... என் பேஷண்ட்டுங்க ஃபைல் நீட்டற மாதிரி நிக்கறாங்க!”

“அது உங்க அபிப்பிராயம். நான் விளிம்பு தெரியுதுன்னு மட்டும்தான் எழுதியிருக்கேன். நீங்க ஒரு ஸ்கேன்ல நிழலைப் பாக்கறீங்க. வீட்ல விசேஷம் இருக்குன்னு பேஷண்ட் கேட்டா அழிச்சிடுவீங்களா?”

டாக்டர் சிரித்துவிட்டார். “நல்லா மாட்டிவிட்டீங்க. நிழல் தெரிஞ்சா அடுத்து இன்னொரு ஸ்கேன் எழுதுவேன். இதுக்கு அப்படி ஒண்ணு இருக்கா?”

இருந்தது. எங்கள் ஓவியப் பாதுகாப்புக் கூடத்தில் அகச்சிவப்புக் கேமரா ஒன்று உண்டு. மேல் வண்ணத்தைக் கடந்து, அடியில் கரியால் வரைந்த கோடுகளைக் காட்டும். இரவல் தந்தவர்களின் அனுமதி வேண்டும். டாக்டரே கூரியரிடம் சென்று பேசினார். கூரியர் பாரிசுக்குத் தொலைபேசியில் பேசினார். மறுநாள் அனுமதி வந்தது.

திரையில் முதல் ஜோடிக் கைகள் தெளிந்தன. மடித்த தாள். இரண்டாவதிலும் தாள். ஏழாவது மனிதரின் தாள் பாதி விரிந்திருந்தது. எழுத்து வரிகளைப் போல நெருக்கமான கோடுகள். அவர்கள் மாலையோடு வரையப்பட்டவர்கள் அல்லர். மனுவோடு வரையப்பட்டவர்கள். மாலையைத் தீட்டியது ஓவியரா, வேறு கையா என்பதை எந்தக் கேமராவும் சொல்லாது. நானும் சொல்லவில்லை.

கூரியர் நெடுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு என்னிடம் கை நீட்டினார்.

“அந்த டார்ச்சைக் குடுங்க, மடாம்.”

படத்தருகே சென்று பக்கவாட்டில் பிடித்தார், ஏழு ஜோடிக் கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார், வந்து கையெழுத்திட்டார். என் வரியில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

3. மாற்றம் இல்லை

திறப்பு விழாவில் படத்துக்குப் பக்கத்தில், அதே அளவில், அகச்சிவப்புப் படமும் தொங்கியது. பிரெஞ்சுத் தூதரகத்தின் கான்சல் தம் உரையை முடித்ததும் நேராக அதன் முன் சென்று நின்றார். வேட்டி கட்டிய பிள்ளைகள் ஏழு பேரும் வெறுங்கையோடு வந்து, அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். “வாட் டிட் தே வான்ட்?” என்று கூட்டத்திலிருந்த ஒரு சிறுமி கேட்டாள். எடிசனிலிருந்து வந்த மாலைகள் வரவேற்பு மேசையைச் சுற்றித் தொங்கின. அன்று யார் கழுத்திலும் விழவில்லை.

கண்காட்சி அடுத்துக் கலிஃபோர்னியா சென்றது. சான் ரமோனில் இருக்கும் என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு விளக்கச் சீட்டைப் படமெடுத்து அனுப்பினார். தலைப்பு ‘மனு கொண்டுவந்தவர்கள்’ என்று மாறியிருந்தது. கீழே, “மாலைகளுக்கு அடியில் நாற்கோண விளிம்பு” என்ற என் வாக்கியம். என் பெயர் இல்லை. ரிஜிஸ்ட்ரார் பெயர் போடும் வழக்கம் எங்கும் கிடையாது. அதில் எனக்குக் குறையில்லை; வாக்கியம் என்னுடையது.

இத்தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்களுக்குத் தோன்றுவதை எழுதாதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து, தெரிவதை மட்டும் எழுதுங்கள். அவ்வாறு எழுதிய வரியை எவர் வேண்டினாலும் எடுக்காதீர்கள்.

எங்கள் அருங்காட்சியகத்திலிருந்து படம் புறப்பட்ட நாளில் அதே கூரியர் வந்திருந்தார். பெட்டியை மூடுமுன் ரிப்போர்ட்டின் கடைசிக் கட்டத்தை நிரப்ப வேண்டும்: வந்தபோது இருந்த நிலையிலிருந்து மாற்றம் உண்டா, இல்லையா. அவர் பேனாவோடு தயங்கினார்.

“மாற்றம் இல்லைன்னு எழுதலாமா, மடாம்?” என்று சிரித்தார்.

“படத்துல இல்ல,” என்றேன். “எழுதுங்க.”