கோடு போட்ட சுண்ணாம்பு

சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் சபைப் பிள்ளைகளுக்கு விளையாட்டு முகாம் நடத்த வெளிநாட்டு ஊழியக்காரர்கள் வந்திருந்தார்கள். மைதானத்தில் கோடு போடுவது என் வேலை. போதகர் கோலமாவு வாங்கச் சொன்னார். கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, வெள்ளையடிக்க வீட்டில் வைத்திருந்த நீற்றாத கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தூளாக்கிப் போட்டேன். ஈர மண்ணில் அது கொதித்துச் சூடேறி, வெறுங்காலோடு ஓடிய பிள்ளைகளுக்குப் பாதம் வெந்துவிட்டது.

"இன்னாத்த போட்ட அண்ணாத்த? புள்ளைங்க அழுதுகினு கீதுங்க," என்றாள் ஒரு தாய்.

"கோலமாவுதாம்மா," என்றேன்.

வெள்ளைக்கார அம்மா ஒருவர் மண்டியிட்டு ஒவ்வொரு பிள்ளையின் காலையும் கழுவினார். ஷூ கொடுக்காமல் ஓடவிட்டது தன் தவறு என்று தாய்மார்களிடம் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றினேன்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, பெரிய வியாழனன்று ஆலயத்தில் போதகர் கால் கழுவிவிட ஆள் கூப்பிட்டால் இன்றும் நான் போவதில்லை.