வாசலில் ஒரு வரிசை

உலகப் போர் சமயத்தில், நான் வரைந்த படங்களை அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மாட்டி வைத்தேன். முதல் நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் கூட்டம் சேர்க்க, நண்பர்கள் ஐந்து பேரை வாசலில் வரிசையாக நிற்க வைத்தேன். அரைமணி நேரத்தில் வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது. வந்தவர்கள் எல்லார் கையிலும் காலி பாட்டில். மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். உள்ளே வெறும் படங்களைக் கண்டதும் என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். ரசனை கெட்ட ஊர் என்று நானும் பதிலுக்குப் பொருமினேன்.

ஒரு பெண் மட்டும் போகவில்லை. ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று நிதானமாகப் பார்த்தாள். இவள் ஒருத்தி போதும் என்றிருந்தது எனக்கு. கடைசிப் படத்தையும் பார்த்து முடித்து, என்னிடம் வந்து பாட்டிலை நீட்டினாள்.

“எல்லாப் படத்தையும் பாத்துட்டேங்க. இப்ப எண்ண ஊத்துவீங்களா?”