ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்து

போன அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாற்பத்திரண்டு பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தேன். நான் குடிகாரன் இல்லை. திமிர் பிடித்தவன்.

இதை மறைத்துவிட்டு, ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எனக்கு இஷ்டமில்லை. சபையில் பலர் வியாதியை வில்லனாக்கி, தங்களைப் பாவப்பட்ட ஆடாக்கிப் பேசுகிறார்கள். கேட்கவே கூசுகிறது. நான் ஆடு இல்லை.

எனக்கு வீடு பசுமலையில். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியின் பஸ்ஸை ஓட்டுகிறேன். ஆறு வருடமாக ரத்த அழுத்தம் உண்டு. தினமும் காலையில் இரண்டு மாத்திரை. செப்டம்பரில் டாக்டர் அதை ஒரே மாத்திரையாக மாற்றி எழுதினார். அவர் விளக்கியபோது நான் செல்போனில் எவனோ அனுப்பிய பூண்டு வைத்தியத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பெரிய மேதை அல்லவா.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பொடி மாத்திரை. இது எந்த மூலைக்கு என்று சிரித்தேன். பழைய இரண்டோடு இதையும் சேர்த்து விழுங்க ஆரம்பித்தேன்.

"ஏங்க, டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்ல" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

பத்தாவது படித்தவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாளா என்று அவள் வாயை அடைத்தேன். நான் படித்தது ஒன்பதாவது.

இரண்டு வாரத்தில், உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றியது. ஜெபக்குழு நடத்தும் ஒரு சகோதரரிடம் சொன்னேன். மாத்திரை சாப்பிடுவதே அவிசுவாசம், எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள் என்றார் கண்ணை மூடிக்கொண்டு. அவர் சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரை அட்டை துருத்திக்கொண்டிருந்தது. அதைக் காட்டிக் கேட்டேன்.

"அது வேற விசயம் பிரதர்" என்றார்.

அவரை மனதுக்குள் காறித் துப்பிவிட்டு, மூன்றையும் தொடர்ந்தேன். அடுத்தவன் முட்டாள் என்று கண்டுபிடித்தால் நாம் புத்திசாலி ஆகிவிடுவோம் என்று ஒரு நினைப்பு.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு வயிற்றுப்போக்கு. சாப்பாடும் இறங்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலை மூன்று மாத்திரையையும் விழுங்கிவிட்டுப் பஸ்ஸை எடுத்தேன். மேலூர் ரோட்டில் யானைமலை தெரிகிற இடத்தில் கண் இருட்டியது. ஸ்டியரிங் கையில் இருக்கிறதா என்றே தெரியவில்லை. பின்னால் பிள்ளைகள் பேசிச் சிரிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

எனக்காக ஜெபிக்க வாய் வரவில்லை. அதற்குத் தகுதி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. "ஆண்டவரே, பிள்ளைகள மட்டும் பாத்துக்கங்க" என்றேன். கண் ஒரு நொடி தெளிந்தது. அந்த நொடியில் பஸ்ஸை ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அதற்குப் பிறகு எதுவும் ஞாபகமில்லை.

ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பிள்ளைகள்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் எண்பதுக்கும் கீழே இருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துவரச் சொன்னார் அங்கே மருந்தாளுநராக இருந்த பெண். ஸ்டெல்லா பையோடு கொண்டுவந்தாள். அவர் அட்டைகளைத் திருப்பிப் பெயர்களைப் படித்தார்.

"அண்ணே, பழைய ரெண்டு மருந்தும் சேந்ததுதான் இந்தப் புது மாத்திர. தெனமும் ஒரே மருந்த ரெண்டு மடங்கு முழுங்கிருக்கீங்க. வயித்துப்போக்கும் சேந்து பிரஷர இன்னும் எறக்கிருச்சு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. ஸ்டெல்லா அட்டைகளைத் திரும்பப் பைக்குள் அடுக்கினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதேன்.

டாக்டர் அனுமதிக்கும்வரை மூன்று வாரம் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இப்போது டாக்டர் சொன்னபடி அந்த ஒரே மாத்திரை, தினமும் ஒரே நேரத்தில். ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் இரண்டாக விழுங்குவதில்லை. நன்றாக இருக்கிறது என்று நானாக நிறுத்துவதும் இல்லை. மூட்டு வலிக்கு மாத்திரை வாங்கினாலும் கேட்டுவிட்டுத்தான். வாந்தி, பேதி வந்தால் உடனே டாக்டருக்குப் போன் செய்கிறேன். படுக்கையிலிருந்து மெதுவாக எழுந்திருக்கிறேன். ஸ்டெல்லா சொன்னால் காது கொடுக்கிறேன். இது மாத்திரையைவிடக் கசப்பு, ஆனாலும் இறங்குகிறது.

அன்பானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். கூப்பிட்டால் வருவார், நடுரோட்டிலும் வருவார். ஆனால் டாக்டர் வாயிலாக அவர் முதலிலேயே சொன்னதைக் கேட்காமல், பஸ் சாயும்போது மட்டும் அவரைக் கூப்பிடுகிற என் புத்தி உங்களுக்கு வேண்டாம்.

ஆண்டவர் காப்பாற்றினார் என்று நான் சொல்லும்போது எல்லோரும் அல்லேலூயா சொல்கிறார்கள். பிள்ளைகளை யாரிடமிருந்து காப்பாற்றினார் என்று ஒருவரும் கேட்பதில்லை. என்னிடமிருந்துதான்.